அஜ்மானில் காற்று நன்றாக வரும்

போன மாதம் மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் வந்தார். நியூ ஜெர்சியை விட்டு டெக்சாஸுக்குக் குடி போகிறார்களாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே மூன்று காரணம் சொன்னார். அங்கே மாநில வருமான வரி கிடையாது. இங்கே அபார்ட்மென்ட் கிடைக்கிற விலைக்கு அங்கே தோட்டத்தோடு தனி வீடு. பனி அள்ள வேண்டாம். மூன்றும் நல்ல காரணங்கள்தான். அவருடைய அண்ணன் குடும்பம் பக்கத்துத் தெருவில் இருப்பதையும், அண்ணி தினமும் சாயங்காலம் வந்து என் மகளின் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுப் போவதையும் அவர் சொல்லவில்லை. பின்னால் நின்ற என் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிப் பேக் பண்றது மாமா? நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட்டாச்சே" என்றார்.

பேக் செய்வது எப்படி என்று சொன்னேன். மற்றது பற்றி வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதுதான் என் தொழிலே.

நான் ஷார்ஜாவில் ஒரு பேக்கர்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவன். சுமை தூக்கப் போய், சர்வேயராக ரிட்டையர் ஆனேன். இந்த 'சர்வேயர்' என்ற சொல்லை நம்பி, ஊருக்கு வந்த புதிதில் இரண்டு பேர் பட்டா விஷயமாக என்னைப் பார்க்க வந்தார்கள். நான் நிலம் அளந்தவன் இல்லை. குடி மாறப் போகிறவர்களின் வீட்டுக்கு முதல் ஆளாகப் போய், சாமானைப் பார்த்து, எவ்வளவு பெரிய வண்டி வேண்டும், எத்தனை ஆள் வேண்டும் என்று சொல்கிறவன். இப்போது அந்த வேலையையும் போனில் இருக்கும் ஏதோ ஒரு செயலி செய்கிறதாம். வீட்டைச் சுற்றிப் படம் பிடித்து அனுப்பினால் போதுமாம். கம்பெனிப் பையன்கள் அதைப் பெருமையாக எனக்கு அனுப்பி, "அண்ணே, நீங்க இருந்தா என்ன சொல்வீங்க?" என்று கேட்டிருந்தார்கள். அதற்கு ஒரு பதில் சொல்லலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தூக்கினேன், இறக்கினேன், முதுகு வலித்தது.

சர்வேயரான பிறகுதான் வேடிக்கை. சர்வேயை அடுப்படியில் தொடங்க வேண்டும். ஹால் என்பது வருகிறவர்கள் பார்ப்பதற்கு. அங்கே இருக்கிற சாமானை வைத்து வண்டியை முடிவு செய்தால் ஏமாந்து போவீர்கள். அடுப்படிக்கு அடுத்து பீரோவின் தலை, கட்டிலின் அடி. நம் ஆட்களாக இருந்தால் அங்கே காலி அட்டைப்பெட்டிகள் இருக்கும். டிவி வந்த பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி, தெர்மாகோல்கூட உடையாமல் உள்ளேயே இருக்கும். "ஊருக்கு மொத்தமாப் போறப்போ வேணும்ல" என்பார்கள். டிவி செத்து, அதைத் தூக்கிப் போட்டு, அடுத்த டிவியும் வாங்கியிருப்பார்கள். பழைய பெட்டி மட்டும் பத்திரமாக இருக்கும். துபாயிலிருந்து ஷார்ஜா, ஷார்ஜாவிலிருந்து அஜ்மான் என்று வெறும் காற்றை அடைத்த பெட்டிகளை எத்தனையோ முறை ஏற்றி இறக்கியிருக்கிறோம். அதிலும் ஒரு அம்மா, "மெதுவா, மெதுவா" என்று பக்கத்திலேயே வருவார்.

பிறகு ஸ்டிக்கர். பச்சை ஒட்டினால் வண்டியில் ஏறும், சிவப்பு ஒட்டினால் அங்கேயே கிடக்கும். வண்டி ஏற்ற வரும் பெங்காலிப் பையனுக்கும் நேபாளிப் பையனுக்கும் நம் பேச்சு புரியாது, நிறம் புரியும். சாமி படத்துக்கு மட்டும் ஸ்டிக்கர் கிடையாது. அது டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் போகும். எங்கள் டிரைவர் பெஷாவர்க்காரர், கான் பாய். முருகனை சீட்டில் நிறுத்தி பெல்ட் மாட்டிவிடுவார். "போலீஸ் முக்காலிஃபா மாஃபி" என்று எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார். அபராதம் வராதாம்.

நல்ல நேரம் பார்ப்பது இன்னொரு கூத்து. கும்பகோணத்துக் குடும்பம் ஒன்று, புது வீட்டில் பால் காய்ச்ச ஊர் ஜோசியரிடம் நேரம் வாங்கியிருந்தது. அது இந்திய நேரமா துபாய் நேரமா என்று ஜோசியரைக் கேட்க மறந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் இந்திய நேரம் என்றார், வீட்டுக்காரம்மா சூரியன் இங்கே எப்போது உதிக்கிறதோ அதுதான் கணக்கு என்றார். வண்டி கீழே வெயிலில் நின்றது. கடைசியில் இரண்டு நேரத்துக்கும் இரண்டு முறை பால் காய்ச்சினார்கள். எங்களுக்கு ஆளுக்கு இரண்டு டம்ளர் கிடைத்தது. சாமி எதை எடுத்துக்கொண்டார் என்று தெரியாது.

எங்கள் முதலாளி சாகுல் பாய், காயல்பட்டினத்துக்காரர். வெள்ளைச் சட்டை, கையில் அத்தர் போட்ட கைக்குட்டை. எந்த ஊருக்கு யார் குடி போனாலும் அந்த ஊரைப் புகழ்வார். "ஷார்ஜா தானே? நல்ல முடிவு. குடும்பஸ்தனுக்கு ஏத்த ஊரு" என்பார். அடுத்த வாரமே ஷார்ஜாவைக் காலி செய்துகொண்டு துபாய் போகிறவரிடம், "ஷார்ஜாவுல மனுசன் இருப்பானா? டிராஃபிக்லயே ஆயுசு போயிரும்" என்பார். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. அஜ்மான் போகிறவர்களுக்கென்று தனிப் பாட்டு வைத்திருந்தார். "கடல் காத்து. ஏசியே வேணாம், ஜன்னலைத் திறந்து வெச்சாப் போதும்." அவர் சொன்னதை நம்பி ஆகஸ்டில் ஜன்னலைத் திறந்தவர்கள் என்ன ஆனார்களோ.

அந்த மனிதருக்கு விட்டுக்கொடுக்காத சட்டம் ஒன்றே ஒன்று இருந்தது. ஒரு கஸ்டமர் எங்கே குடி போனார் என்பதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. கல்ஃபில் குடி மாறுகிறவர்களில் பாதிப் பேர் யாரிடமிருந்தாவது தப்பித்துத்தான் போகிறார்கள். கடன்காரன், சீட்டுப் பிடித்தவன், பழைய ரூம்மேட். ஒருமுறை ஒரு மாமியாரே எங்கள் ஆபீசுக்கு வந்து மருமகள் வீடு எங்கே என்று கேட்டார். எங்கள் ஹெல்பர் ஒருவன் ஒரு ஆளின் புது அட்ரஸை வாய் தவறிச் சொல்லி, அங்கே போய் அந்த ஆளை நாலு பேர் அடித்துவிட்டார்கள். மறுநாளே சாகுல் பாய் ஹெல்பரை, "கலாஸ், ஊருக்குப் போ" என்று அனுப்பிவிட்டார். அதனால் அட்ரஸ் என்று யாராவது வாயெடுத்தாலே நாங்கள் பேச்சை மாற்றிவிடுவோம்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

ஷார்ஜாவில் ஒரு இரண்டு பெட்ரூம் ஃபிளாட். இரண்டு தமிழ்க் குடும்பங்கள் ஷேரிங்கில் இருந்தன. ஆளுக்கொரு பெட்ரூம், அடுப்படி பொது. ஒரு குடும்பம் முரளி, ஜெயந்தி, அவர்களின் மூன்று வயதுப் பெண் யாழினி. முரளிக்கு துபாயின் அந்தக் கோடியில், ஜெபல் அலியில் கிடங்கு வேலை. ஜெயந்தி ஒரு கிளினிக்கில் நர்ஸ், மாறி மாறி ஷிஃப்ட். அடுத்த அறையில் சித்ராவும் அவள் கணவரும். குழந்தை இல்லை. சித்ரா வேலைக்குப் போகவில்லை. ஜெயந்தி டியூட்டிக்குப் போனால் யாழினி சித்ராவிடம்தான் இருப்பாள். கைக்குழந்தையிலிருந்தே அப்படித்தான்.

ஜெயந்தி குடும்பம் ஜெபல் அலிப் பக்கம் குடி போகிறது என்று சர்வேக்குப் போனேன். முரளி வாசலிலேயே காரணம் சொல்லிவிட்டார்.

"டிராஃபிக் தாங்கல சார். அங்க போயிட்டா பத்து நிமிஷத்துல டியூட்டி."

நல்ல காரணம். நான் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன். என் சர்வீஸில் சாமானுக்காக அடித்துக்கொண்ட வீடுகள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பிரஷர் குக்கருக்காக அண்ணன் தம்பி பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். இங்கே தலைகீழ். பூப்போட்ட சின்னத் தட்டைக் கையில் எடுத்து, "இது யாரோடது?" என்றேன்.

"அவங்களுது" என்றாள் சித்ரா.

"எங்களுது இல்ல. நீங்க வாங்குனது" என்றாள் ஜெயந்தி. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

"பாப்பா அதுலதான் சாப்பிடுவா. பச்சை ஒட்டுங்கண்ணே."

"வேற தட்டு வாங்கிக்குவோம். சிவப்பு ஒட்டுங்க."

தட்டு, டம்ளர், குழந்தை உட்காரும் மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாவற்றுக்கும் இதே வழக்கு. எல்லாம் சித்ரா வாங்கியது. கடைசியில் கிரைண்டர். கோயம்புத்தூரிலிருந்து சித்ராவின் அப்பா அனுப்பிய டேபிள் டாப். கைப்பிடி உடைந்து, மஞ்சள் துணி சுற்றிக் கட்டியிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள் சித்ரா.

"அவளுக்கு இட்லிதாண்ணே இறங்கும். மிக்ஸில அரைச்சா கல்லு மாதிரி வரும், துப்பிருவா."

"எம் பொண்ணுக்கு என்ன இறங்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் ஜெயந்தி.

அப்போதுதான் குழந்தை தூங்கி எழுந்து அறையிலிருந்து வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே, "அம்மா" என்றது. ஜெயந்தி குனிந்து கையை நீட்டினாள். குழந்தை அவளைத் தாண்டிப் போய் சித்ராவின் காலைக் கட்டிக்கொண்டது. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஜெயந்தி அடுப்பு மேடையைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

டிராஃபிக்காம். எனக்கு அங்கே நிற்கவே கூசியது. கிரைண்டருக்குச் சிவப்பை ஒட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வண்டி போன அன்று பார்த்தால் கிரைண்டரில் பச்சை ஸ்டிக்கர். யாரோ மாற்றி ஒட்டியிருந்தார்கள். யார் என்று சொல்லத் தேவையில்லை. பையன் அதைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வரை போய்விட்டான். ஜெயந்தி ஓடி வந்து ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டாள். கிரைண்டர் திரும்பி உள்ளே போனது. மஞ்சள் நாற்காலியும் போகவில்லை. சித்ரா கீழே வரவே இல்லை. யாழினி டாக்சியின் பின் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு, பில்டிங் மறையும் வரை அழுதாள். கான் பாய் முருகனுக்கு பெல்ட் மாட்டினார். அன்றைக்கு யாரையும் பார்த்துக் கண்ணடிக்கவில்லை.

சில மாதம் கழித்து சித்ரா வீட்டுச் சர்வே வந்தது. அந்தக் காலி அறைக்கு வேறொரு குடும்பம் வந்திருந்தது. "அஜ்மான்ல வாடகை கம்மி சார்" என்றார் சித்ராவின் கணவர். சரி என்றேன். கிரைண்டருக்குப் பச்சை ஒட்டினேன். பிள்ளை இல்லாத வீட்டிலிருந்து போகிற மஞ்சள் நாற்காலிக்கும் பச்சை ஒட்டினேன். சித்ரா அடையாளமே தெரியாத அளவுக்கு இளைத்திருந்தாள். சாகுல் பாய் வழக்கம்போல கடல் காற்றுப் பாட்டைப் பாடினார். அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

அவர்கள் அஜ்மான் போய்ச் சேர்ந்த அடுத்த வாரம் என் போன் அடித்தது. ஜெயந்தி.

"அண்ணே, திரும்ப ஷார்ஜாவுக்கே வர்றோம். அதே பில்டிங்ல ஒரு ஃபிளாட் காலியா இருக்குன்னு நாத்தூர் சொன்னான், பேசிட்டோம். வண்டி வேணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாட்ச்மேனைத்தான் அங்கே நாத்தூர் என்பார்கள். அவன் ஃபிளாட் காலி என்று சொன்னானே தவிர, யார் இருக்கிறார்கள் யார் போனார்கள் என்று சொல்லவில்லை போலும். வாழ்நாளில் ஒரு கஸ்டமரிடமும் கேட்காததைக் கேட்டேன்.

"ஏம்மா வர்றீங்க?"

சொன்னாள்.

"பாப்பா சாப்பிட மாட்டேங்கிறாண்ணே. பேபி சிட்டிங்ல விட்டா மூலையில உக்காந்துக்கிறா. எடை இறங்கிட்டே வருது. நானே நர்சு, எனக்குத் தெரியாதா? நடுராத்திரி எந்திரிச்சு அம்மாங்கிறா. பக்கத்துல போனா, நீ இல்லேங்கிறா. என்னோட வீம்புக்கு எம் புள்ளையப் பட்டினி போட்டுட்டேண்ணே."

என் சர்வீஸில் குடி மாறும் காரணத்தை உள்ளபடி சொன்ன ஒரே கஸ்டமர் அவள்தான்.

"சித்ராவுக்குப் போன் பண்ணலாமே" என்றேன்.

"முதல்ல நான்தான் அவளை பிளாக் பண்ணுனேன். இப்ப அவ என்னைப் பண்ணிட்டா. நேர்ல போய் நின்னா கதவைச் சாத்த மாட்டா."

எந்தக் கதவு? அந்தக் கதவுக்குப் பின்னால் இப்போது யாரோ ஒரு குடும்பம் இருக்கிறது. வண்டி பற்றிப் பிறகு கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தேன். சித்ராவின் நம்பருக்கு அடித்தேன். அவள் கணவர்தான் எடுத்தார். விஷயத்தைத் தொடங்கும்போதே, "அந்தப் பேச்சே வேணாம் சார். அவ இப்பத்தான் தேறி வர்றா. எங்க அட்ரஸை யாருக்கும் குடுக்காதீங்க" என்று வைத்துவிட்டார். அவளைக் கேட்டாரா என்றால், இல்லை. நம் வீடுகளில் அதெல்லாம் எங்கே நடக்கிறது?

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் சாமானைக் கட்டிக்கொண்டு பிள்ளையோடு வந்து, அந்நியர் வாசலில் நிற்பாள். நேராக சாகுல் பாயிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"ரூல்ஸு ரூல்ஸுதான் செல்வம். அட்ரஸ் சொல்லக் கூடாது" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நீங்களும் உங்கள் ரூல்ஸும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "அந்தப் புள்ளைக்கு போனைப் போடு. நான் பேசுதேன்" என்றார்.

போட்டேன். ஸ்பீக்கரில் ஜெயந்தியின் குரல் வந்ததும் தொடங்கினார்.

"ஏம்மா, ஷார்ஜாவுல என்ன இருக்குன்னு திரும்ப வர்றிய? அஜ்மான் போங்கம்மா. கடல் காத்து. ஜன்னலைத் திறந்து வெச்சாப் போதும்."

"ஐயோ பாய், அவர் டியூட்டி ஜெபல் அலில. அஜ்மான் இன்னும் தூரம். எனக்கு ஷார்ஜாதான் வேணும்."

"கேளும்மா. நம்ம கஸ்டமர் யாரு எங்க போனாங்கன்னு நாங்க சொல்ல மாட்டோம். ஆனா சாமானைப் பத்திச் சொல்லலாம்ல. போன வாரம் அஜ்மான்ல ஒரு கிரைண்டர் இறக்குனோம். கைப்பிடில மஞ்சத் துணி கட்டுன கிரைண்டர். அங்க காத்து நல்லா வருதுன்னு சொன்னாங்க."

லைன் போய்விட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன். பிறகு ஒரு மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"பாய்" என்றாள். "அஜ்மான்ல எந்தப் பக்கம் காத்து நல்லா வரும்?"

"அப்படிக் கேளு. மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால, சலூனுக்கு மேல பச்சை பில்டிங். மூணாவது மாடில பிச்சிக்கிட்டு வருது. அதே மாடில ஒரு ஃபிளாட்டு காலியா கிடக்கு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு அட்ரஸையாவது சொன்னேனா? காத்தைப் பத்தித்தானே பேசுனேன்."

"ஆமா பாய்" என்றேன்.

குடி மாற்றினோம். நல்ல ஆகஸ்ட் வெயில். மூன்றாவது மாடியில் பையன்கள் கட்டிலை இறக்கிய சத்தம் கேட்டு எதிர்க் கதவு திறந்தது. கையில் மாவோடு சித்ரா. ஜெயந்தி வராந்தாவில் நின்றாள். சித்ரா சட்டென்று உள்ளே போனாள். போச்சு, கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன். மஞ்சள் நாற்காலியோடு வந்தாள். தன் வீட்டு வாசலில் போடவில்லை, இரண்டு கதவுக்கும் நடுவில் வராந்தாவில் போட்டாள்.

யாழினி போய் அதில் உட்கார்ந்தாள். நேற்றுத்தான் அதிலிருந்து எழுந்து போனவள் மாதிரி உட்கார்ந்தாள்.

"அம்மா, இட்லி" என்றாள்.

"இரு, வர்றேன்" என்றார்கள் இரண்டு பேரும்.

நான் பார்க்க முதன்முறையாக அப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கட்டிலை எங்கே போடுவது என்று பையன்களைத் திட்டப் போய்விட்டேன். எனக்கும் வேலை இருக்கிறதல்லவா.

கீழே இறங்கி வந்தபோது வண்டி நிழலில் முரளி நின்றிருந்தார். இனிமேல் விடிவதற்கு முன்னால் எழுந்து ஜெபல் அலிக்குப் பஸ் பிடிக்க வேண்டிய மனிதர். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நான் கேட்காமலே சொன்னார்.

"அஜ்மான்ல காத்து நல்லா வருதாம் சார். அதான் வந்துட்டோம்."

அன்றைக்கு அஜ்மானில் ஒரு இலைகூட அசையவில்லை. "ஆமா சார், நல்லா வருது" என்றேன்.

கம்பெனிப் பையன்களே, உங்கள் செயலியில் மஞ்சள் நாற்காலி தெரியும். அது யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது தெரியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நேற்று மாப்பிள்ளை மறுபடியும் கூப்பிட்டார். வண்டி பேசியாகிவிட்டதாம். மறுபடியும் வரி, வீடு, பனி என்று அதே வரிசையில் சொல்லிக்கொண்டு போனார். பின்னால் என் மகள் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நான் எதையாவது கேட்டுத் தொலைத்துவிடுவேனோ என்று.

"நல்ல முடிவு மாப்பிள்ளை" என்றேன். "டெக்சாஸ்ல காத்து நல்லா வருமாம்."